முன் இடது சக்கரம்

செல்வநாதன் இருபத்தாறு வருடங்களாகக் கார் ஓட்டுகிறார். ஒருமுறைகூட யாரையும் இடித்ததில்லை என்பதை அவர் யாரிடமாவது சொல்லாமல் விட்ட வாரம் கிடையாது. துறைமுகத்துக்கு வரும் இரும்புத் தாதுவைக் குவித்து வைத்துக் கப்பலில் ஏற்றும் ஒரு தனியார் கம்பெனியில் அவர் நிர்வாக மேலாளர். அலுவலகம் ராயபுரத்தில், தாதுக் குவியல் வளாகத்துக்கு வெளியே; வீடு திருவொற்றியூரில். 2003இல் பழைய பொது மேலாளர் மாற்றலாகிப் போனபோது, அவர் வைத்திருந்த ஒன்பது வருடப் பழைய ஜெர்மன் காரைக் கம்பெனி இவருக்குச் சல்லிசாகக் கொடுத்தது.

அந்தக் காரில் ஏ.பி.எஸ். இருந்தது. எவ்வளவு அவசரமாகப் பிரேக்கை மிதித்தாலும் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளாது, வண்டி வழுக்காது. அவர் தெருவில் வேறு எந்தக் காரிலும் அது இல்லை. முதல் மாதம் முழுக்க அதைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் பேப்பர் போடுபவருக்கும் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவருக்கும் விளக்கினார். கார் நிற்கும் என்பதில் இவ்வளவு பெருமை என்ன, எல்லாக் காரும் நிற்கத்தானே செய்கிறது என்று மனைவி நீலா கேட்டாள்.

இரண்டாவது மாதம் கார் நிற்பதில் தகராறு செய்ய ஆரம்பித்தது.

வேகமாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. சிக்னலை நெருங்கி, வேகம் பத்துக்கு இறங்கி, இதோ நின்றுவிட்டது என்று நினைக்கும்போது பிரேக் பெடல் காலுக்கடியில் கரகரவென்று உதறும். வண்டி நான்கடி தள்ளிப் போய் நிற்கும். சில நாட்களில் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கும் எரியும். எஞ்சினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் விளக்கு போய்விடும்.

மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் காரை மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, ஏ.பி.எஸ். கம்ப்யூட்டர் போய்விட்டது, ஜெர்மனியிலிருந்து வரவேண்டும், மூன்று மாதம் ஆகும் என்றார்கள். வேறொரு மெக்கானிக் பிரேக் ஆயிலை மாற்றினார். இன்னொருவர் பிரேக் பேடுகளை மாற்றினார். மூன்றாமவர் மஞ்சள் பல்பைக் கழற்றிக் கையில் கொடுத்து, இனி எரியாது என்று உத்தரவாதம் தந்தார். செல்வநாதன் அதைத் திரும்பப் போட வைத்து எடுத்துவந்தார்.

கார் இப்படி இருக்க, அலுவலகத்தில் அவருக்கு இன்னொரு தலைவலி. தாதுக் குவியலுக்கு எதிர்ப்புறத் தெருவில் குடியிருந்த ஜெரினா என்ற பள்ளி ஆசிரியை மாதம் ஒரு மனு அனுப்பிக்கொண்டிருந்தார். தாதுத் தூசி வீட்டுக்குள் வருகிறது, காயப்போட்ட துணி சிவக்கிறது, பிள்ளைகள் இருமுகிறார்கள் என்பதே எல்லா மனுவிலும் இருந்தது. எல்லாவற்றுக்கும் செல்வநாதன் ஒரே பதிலை எழுதிக் கையெழுத்துப் போட்டார்: தூசி அளக்கும் கருவியின் கணக்குப்படி தாதுத் தூசி எங்கள் வளாகத்தைத் தாண்டுவதில்லை. அவர் மோசமான மனிதர் அல்ல. கருவி அப்படித்தான் காட்டியது. கருவியைக் கடற்கரைப் பக்கச் சுவரில் வைத்திருந்தார்கள். பகலெல்லாம் காற்று கடலிலிருந்து ஊருக்குள் வீசும் என்பதை அவர் யோசித்துப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காலை, மும்பையிலிருந்து கம்பெனியின் டைரக்டர் வந்திருந்தார். அலுவலக வாசலில் அவருடைய வாடகைக் கார் நின்றது. பின் இருக்கையில் உட்கார்ந்து அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். செல்வநாதன் மெதுவாக வந்து, மெதுவாகப் பிரேக்கை மிதித்து, மெதுவாக அந்தக் காரின் பின்பக்கத்தில் இடித்தார். ஒரு விளக்கு உடைந்தது. காபி டைரக்டரின் கால்சட்டையில் கொட்டியது.

காலை பத்து மணிக்கு அவர் குடித்திருந்தாரா என்று விசாரித்தார்கள். இல்லை என்று தெரிந்ததும், ஏன் இடித்தார் என்பதை ஒரு வாரத்துக்குள் எழுத்தில் விளக்கச் சொல்லி மெமோ வந்தது. இருபத்தாறு வருடப் பெயர் போய்விட்டதே என்று செல்வநாதனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

கம்பெனி ஜீப் ஓட்டும் வல்லரசுதான் வழி சொன்னான். திருவொற்றியூர் போகும் வழியில் டோல்கேட்டில் ஒரு புருஷனும் பெஞ்சாதியும் பட்டறை வைத்திருக்கிறார்கள், ஜீப்பின் பேட்டரி, ஒயரிங் எல்லாம் அங்கேதான் பார்ப்பது, அந்தம்மா கை வைத்தால் பிழை இருக்காது என்றான்.

பட்டறை சின்னது. ஒரு கார் உள்ளே நின்றால் ஆள் பக்கவாட்டில்தான் நடக்கவேண்டும். உள்சுவரில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும் இருந்தன. அறிவு சக்கரம், பிரேக் வேலைகளைப் பார்ப்பான். அவன் மனைவி யசோதரா மின்சார வேலைகளைப் பார்ப்பாள். வியாசர்பாடிக்காரி. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்து, ஒரு கார் கம்பெனி சர்வீஸ் பிரிவில் ஆறு வருடம் இருந்துவிட்டுத் தனியாக வந்தவள்.

அவள் பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் கேள்விதான் கேட்டாள்.

"ஸ்பீடா போசொல்ல வருதா, நிக்கசொல்ல வருதா சார்?"

நிற்கும்போதுதான் என்றார். மழையிலா, காய்ந்த ரோட்டிலா? காய்ந்த ரோட்டில்தான். திரும்பும்போதா, நேராகப் போகும்போதா? நேராக. விளக்கு எப்போதும் எரிகிறதா? எப்போதாவது. அப்படியென்றால் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அது கெட்டிருந்தால் விளக்கு எரிந்தபடியே இருக்கும், ஏ.பி.எஸ். வேலையே செய்யாது, இங்கே வேண்டாத நேரத்தில் வேலை செய்கிறது. ஏதோ ஒரு சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே நின்றுவிட்டதாக அதற்குத் தப்பான தகவல் போகிறது. பூட்டிக்கொண்ட சக்கரத்தை விடுவிப்பதாக நினைத்து அது பிரேக்கைத் தளர்த்துகிறது.

பிறகு டயர் நான்கும் ஒரே அளவா, சக்கரத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று அறிவு பார்த்தான். சரியாக இருந்தது. ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த ஒரு சாக்கெட்டில் இரண்டு துளைகளை யசோதரா ஒயர்த் துண்டால் இணைத்தாள். மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மினுக்கியது. எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணி, முன்பக்கம் இடது சக்கரம் என்றாள். காரை ஜாக்கியில் தூக்கி அறிவு ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்ற, அவள் சென்சார் ஒயரில் மீட்டரை வைத்துப் பார்த்தாள். மற்ற மூன்றிலும் எண் சீராக ஏறியது. முன் இடதில் பாதிதான் ஏறியது, நடுநடுவே விழுந்தது.

சென்சார் விரல் அளவில் ஒரு காந்தக் குச்சி. சக்கரத்தோடு சுற்றும் பல் வளையத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். வெளியே எடுத்தபோது அதன் நுனியில் தாடி முளைத்திருந்தது. கறுஞ்சிவப்பாக, நுண்ணியதாக, வெயிலில் மினுங்கும் தூள். யசோதரா அதைப் பேப்பரில் வழித்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிரேக் தேய்ந்து வருகிற தூள் வேறு மாதிரி இருக்கும். இது இரும்புத் தாது, ராயபுரத்து ஆட்டோக்களின் ஸ்பீக்கர் காந்தத்திலும் இதுவே ஒட்டியிருக்கும் என்றாள்.

துடைத்து, பல் வளையத்தையும் பிரஷ் போட்டு, பூட்டிக் கொடுத்தார்கள். செல்வநாதன் ரோட்டில் ஒரு சுற்று போய்வந்தார். பத்து முறை பிரேக் போட்டார். பத்து முறையும் நினைத்த இடத்தில் நின்றது. அவருக்குக் கண் கலங்கியது. பிழை தன்னுடையது அல்ல என்று ஒரு கடிதம் வேண்டும் என்றார். யசோதரா பட்டறைத் தாளில் முத்துமுத்தாக எழுதினாள்: முன் இடது சக்கர சென்சாரில் இரும்புத் தாதுத் தூள் படிந்ததால் குறைந்த வேகத்தில் பிரேக் தளர்ந்தது. ஓட்டுநர் தவறு இல்லை.

எழுதும்போது, வண்டி தாதுக் குவியல் பக்கம் உள்ளே போகிறதா என்று கேட்டாள். ஒருநாளும் இல்லை, உள்ளே ஜீப்பில்தான் போவேன், இது வீட்டுக்கும் ராயபுரம் ஆபீசுக்கும் மட்டும் ஓடுகிற வண்டி என்று பெருமையாகச் சொன்னார்.

காரில் ஏறிக் கடிதத்தை இன்னொருமுறை படித்தபோதுதான் அவருக்கு உறைத்தது. வளாகத்தைத் தாண்டாத தூசி, வளாகத்துக்குள் போகாத காரில் எப்படி வந்தது? இந்தத் தாள் அவரைக் காப்பாற்றும், கம்பெனியைக் காட்டிக்கொடுக்கும். பதினெட்டு மனுக்களுக்கு அவர் போட்ட கையெழுத்தையும் சேர்த்து.

இறங்கிப் போய், தாதுத் தூள் என்பதற்குப் பதிலாக அழுக்கு என்று எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.

"அயுக்கு காந்தத்துல ஒட்டாது சார்," என்றாள் யசோதரா. "நா பாத்தத்த எய்திக் கீறேன். வேணாம்னா அத்த யார்க்கும் காட்டாதீங்கோ."

அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் கம்பெனிக்கு வேறு விளக்கம் எழுதினார்: பிரேக்கிலிருந்து என் கால் வழுக்கிவிட்டது. முழுத் தவறும் என்னுடையது. வருந்துகிறேன். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட வெகுநேரம் ஆனது.

தண்டனையாக, கிரேன் ஓட்டுபவர்களோடும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்களோடும் இரண்டு நாள் பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பிரேக் எது, ஆக்சிலேட்டர் எது என்று ஐம்பத்திரண்டு வயதில் அவருக்குப் படம் போட்டுக் காட்டினார்கள். ஆனால் டைரக்டர் நெகிழ்ந்துவிட்டார். இந்தக் காலத்தில் தன் தவறைச் சாக்குச் சொல்லாமல் ஒப்புக்கொள்ள யாருக்கு மனம் வருகிறது என்று எல்லா மேலாளர்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். குவியல் இடத்தைப் பெரிதாக்க அனுமதி கேட்டு, பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் அடுத்த மாதம் நடக்க இருந்தது. கம்பெனி சார்பில் அங்கே பேச, பொய் சொல்லத் தெரியாத ஓர் ஆள் வேண்டும் என்று செல்வநாதனையே நியமித்தார்.

ராயபுரத்தில் ஒரு சமூகக்கூடத்தில் கூட்டம் நடந்தது. ஜெரினா ஜன்னல் விளிம்பில் வழித்த தூசியை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு எடுத்துவந்து, கூட்டத்தை நடத்திய அரசு அதிகாரியின் மேஜையில் வைத்தார். செல்வநாதன் எழுந்து, அது லாரிப் புகையும் சாலை மண்ணுமாக இருக்கலாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் ஒரு சங்கடம் இருந்தது. அதிகாரி அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். தூசி என்பது எல்லா ஊரிலும் இருக்கிறது, இது இரும்புதான் என்பதற்கு ஆதாரம் இருந்தால் இரண்டு வாரத்தில் கொண்டுவாருங்கள் என்று ஜெரினாவிடம் சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

வெளியே வந்து செல்வநாதன் காரை எடுத்தார். சென்சாரைத் துடைத்து நான்கு வாரம் ஆகியிருந்தது. தெருமுனையில் திரும்பி, ஓரமாக நிறுத்தப் பிரேக்கை மிதித்தார். பெடல் கரகரவென்று உதறியது. கார் நான்கடி போய், அங்கே நின்றிருந்த ஒரு மொபெட்டைச் சாய்த்தது. மொபெட்டின் கண்ணாடி உடைந்தது. அது ஜெரினாவுடையது. பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு அவர் அப்போதுதான் வந்துகொண்டிருந்தார்.

கோபப்பட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஆனால் வண்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "பிரேக் பிடிக்கலையா சார்?" என்று மட்டும் கேட்டார்.

செல்வநாதன் இறங்கி வந்து உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். உண்மையைச் சொன்னால் வேலை போகும்; மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். சொல்லாமல் இருந்தால் இந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

"அடிக்கடி இப்படி ஆகுது டீச்சர். டோல்கேட்டுல ஒரு பட்டறை இருக்கு. இப்பவே காட்டப்போறேன். நீங்களும் வாங்க, உங்க கண்ணாடியையும் அங்கேயே மாத்திடலாம்," என்றார்.

அவர் காரில் முன்னால் போக, ஜெரினா மொபெட்டில் பின்னால் வந்தார். முன்னால் போகும் காருக்கு இடைவெளி கொஞ்சம் அதிகமாகவே விட்டார்.

அறிவு கண்ணாடி மாட்டிக்கொண்டிருக்க, யசோதரா முன் இடது சக்கரத்தைக் கழற்றினாள். சென்சாரில் மறுபடி தாடி. அதைப் பேப்பரில் வழித்தாள். ஜெரினா கிட்டே வந்து குனிந்து பார்த்தார். பதினொரு வருடமாகத் தினமும் காலையில் துடைத்து எடுப்பது அவருக்குத் தெரியாமல் போகுமா? ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்து, இது என்ன என்று கேட்டார்.

யசோதரா செல்வநாதனைப் பார்த்தாள். அவர் சுவரில் தொங்கிய காலண்டரில் செப்டம்பர் மாதத்து விடுமுறைகளைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். இவரே கூட்டிவந்திருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

"இரும்புத் தாது டீச்சர். மண்ணுன்னா இதுல ஒட்டாது, இது ஒட்டும்," என்று சொல்லி, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றி வைத்திருந்த ஒரு காந்தத்தை எடுத்துக் கொடுத்தாள். ஜெரினா பையிலிருந்து பாட்டிலை எடுத்து, காந்தத்தை வெளிப்புறம் வைத்து மேலே நகர்த்தினார். தூசி கண்ணாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஏறியது. அதை அவர் மூன்று முறை செய்து பார்த்தார். பிறகு செல்வநாதனிடம் வந்து, வருகிறேன் சார் என்று சொல்லிவிட்டுப் போனார். நன்றி என்று சொன்னால் அது அவருக்குத் தொந்தரவாகப் போய்விடும் என்று நினைத்திருப்பார்.

இரண்டாவது கூட்டத்தில் அதிகாரி அந்தக் காந்தத்தைத் தன் கையாலேயே நகர்த்திப் பார்த்தார். பக்கத்திலிருந்த குமாஸ்தாவும் பார்த்தார். குவியலைப் பெரிதாக்க அனுமதி தள்ளிப்போடப்பட்டது. தாதுவைத் தார்ப்பாய் போட்டு மூடவேண்டும், தண்ணீர் தெளிக்கவேண்டும், கருவியைத் தெருப் பக்கம் மாற்றவேண்டும் என்று உத்தரவானது. காந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று அதிகாரி கேட்டதற்கு, மொபெட்டுக்குக் கண்ணாடி மாற்ற டோல்கேட்டில் ஒரு பட்டறைக்குப் போனபோது தெரிந்துகொண்டேன் என்று ஜெரினா சொன்னார். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

கம்பெனிக்கு அந்தப் பட்டறை என்ற துப்பே போதுமானதாக இருந்தது. ஜீப்பின் பதிவேட்டைப் புரட்டினார்கள். அந்தப் பட்டறைக்கு வருடத்தில் பதினான்கு முறை போய்வந்தவன் வல்லரசு. டீச்சருக்குத் தகவல் கொடுத்தவன் அவன்தான் என்று முடிவாகி, வேலையை விட்டு நிறுத்த உத்தரவு தயாரானது. கையெழுத்துப் போடவேண்டிய நிர்வாக மேலாளர் செல்வநாதன்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. மும்பையிலிருந்து வந்திருந்த டைரக்டரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். வல்லரசுக்கு ஒன்றும் தெரியாது, டீச்சரைப் பட்டறைக்குக் கூட்டிப்போனது நான், என் காரில்தான் தாது ஒட்டியிருந்தது, அன்று உங்கள் காரை இடித்ததும் அதனால்தான் என்றார். யசோதரா எழுதிய தாளையும் எடுத்து மேஜையில் வைத்தார். சொல்லி முடித்ததும் ஒன்றரை மாதத்தில் முதல்முறையாக மூச்சு முழுதாக வந்தது.

டைரக்டர் தாளை நிதானமாகப் பார்த்தார். கால் வழுக்கியது என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். நீங்கள் பொய் எழுதுகிற ஆள் இல்லை. அப்படியென்றால் இந்தத் தாள் இப்போது அந்த டிரைவரைக் காப்பாற்றத் தயார் செய்தது என்றார். செல்வநாதன் மறுத்துப் பேசினார். பேசப் பேச டைரக்டருக்கு அவர்மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. கடைசியில் எழுந்து வந்து தோளில் கை வைத்து, ஒரு டிரைவருக்காக இவ்வளவு தூரம் போகிறீர்களே, உங்களுக்காக அவனை விட்டுவிடுகிறேன், இதை இனி யாரிடமும் பேசவேண்டாம் என்றார். தாளைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

வல்லரசு வேலையில் இருந்தான். கதை எப்படியோ ஜீப் ஷெட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் காசிமேட்டிலிருந்து நான்கு கிலோ வஞ்சிரம் ஒன்றைத் தாளில் சுற்றித் தூக்கிக்கொண்டு திருவொற்றியூர் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றான்.

"எனக்கோசரம் பெரிய தொரைகிட்ட பொய் சொன்னீங்களாமே சார்," என்றான். குரல் உடைந்தது.

"பொய் இல்ல வல்லரசு. நெஜமாவே நான்தான்."

வல்லரசு அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு குழந்தைக்கு விட்டுக்கொடுப்பதுபோலத் தலையாட்டினான்.

"சரி சார். நீங்கதான்," என்று சொல்லி மீனைக் கையில் திணித்துவிட்டு, அடுத்த கேள்விக்கு நிற்காமல் போய்விட்டான்.

செல்வநாதன் மீனை ஏந்தியபடி உள்ளே வந்தார். அதன் எடையைப் பார்த்து நீலா அசந்துபோய், பாதியைக் குழம்பு வைக்கட்டுமா, எல்லாவற்றையும் வறுத்துவிடட்டுமா என்று கேட்டாள். பிறகு தலைப்பக்கத்தைக் குழம்புக்கு என்று அவளே முடிவுசெய்து, அரிவாள்மனையைத் தேடிப் போனாள்.